தாழ்வாரத்தையும் வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள்: புதுச்சேரி பாரம்பரியக் கட்டடக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: பாரம்பரியக் கட்டடங்களில் செய்யப்படும் மாற்றங்களைப் பரிசீலிக்கும் குழுவின் தலைவர் மற்றும் உறுப்பினர்கள், நகர அமைப்புக் குழும அலுவலர்கள், புதுச்சேரி.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதி என்று வழங்கும் தெருக்களில் பழைய வீட்டை இடிக்காமல் மாடி எடுக்கவோ, கடை வைக்கவோ, விருந்தினர் விடுதியாக்கவோ விரும்புகிறவர்கள் கொடுக்கும் வரைபடங்கள் உங்கள் பார்வைக்கு வருகின்றன. அந்த மாற்றம் வீட்டுக்கும் தெருவுக்கும் ஒத்துப்போகுமா என்று தீர்மானிக்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதைப் பற்றி மட்டுமே இந்த மடலில் எழுதுகிறேன். அந்தத் தெருக்களில் ஒன்றில் குடியிருப்பதும், பழைய வீடுகளின் மராமத்து வேலைகளை மேற்பார்வை பார்த்துப் பிழைப்பதும் தவிர இதை எழுத எனக்கு வேறு தகுதி கிடையாது.

சில ஆண்டுகளாக எங்கள் பக்கத்தில் எழும்பும் முகப்புகளில் ஒரே சாயல் தெரிகிறது. ஜன்னலுக்கு மேல் அரைவட்ட வளைவு, மாடிக் கைப்பிடிச் சுவரில் உருட்டுக் கட்டைகள், சுவர் முழுக்கக் கடுகு மஞ்சள், ஓரங்களில் வெள்ளைப் பட்டை. இவற்றில் எவை உங்கள் முன் வந்து அனுமதி பெற்றவை, எவை வராமலே முடிந்தவை என்று நான் பிரித்துச் சொல்லப் போவதில்லை. ஆனால் கட்டுகிறவர்களிடம் பேசினால், 'பாரம்பரியத் தோற்றம்' என்றால் இதுதான் என்று வரைபடக்காரர் முதல் கொத்தனார் வரை எல்லோரும் நம்பியிருப்பது தெரிகிறது. கடற்கரைப் பக்கம் பிரெஞ்சுக் குடியிருப்புக்கு உரிய உடை அது. உயரமான மதிற்சுவர், அதில் பெரிய வாயிற்கதவு, உள்ளே தோட்டம் என்று தெருவுக்கு முதுகு காட்டும் வீடுகளின் உடை. எங்கள் தெருக்களில் வீடு தெருவைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். திண்ணையும், தெருவோரம் மரத்தூண்களின் மேல் சாய்வாக இறங்கும் ஓட்டுக் கூரையான தாழ்வாரமும்தான் அதன் முகம். அந்த இரண்டையும் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் சுவரில் வளைவு ஒட்டி மஞ்சள் பூசினால், அது இரண்டு பகுதிக்கும் ஒவ்வாத மூன்றாவது ஒன்றாகிவிடுகிறது.

கலப்பே கூடாது என்று நான் வாதிடுவதாக நினைக்க வேண்டாம். 1738-ல் கட்டப்பட்ட ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையே கலப்புதான்: கீழே செதுக்கிய மரத்தூண்களுடன் தமிழ் வீடு, மேலே பிரெஞ்சுப் பாணியில் கட்டுத்தூண்கள். பிற்காலத்தில் செட்டியார், வேளாளர் தெருக்களில் எழுந்த மாடிகளும் இதே வழியில் போயின. அவற்றை அருகில் நின்று பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படும். மாடியின் ஜன்னல்கள் அகலத்தைவிட உயரம் கூடியவை. கீழ்ச்சுவரின் தடிமனும் மேல்சுவரின் எடையும் ஒன்றுக்கொன்று கணக்குப் பார்த்து அமைந்தவை. இரண்டு தளத்திலும் ஒரே சுண்ணாம்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, மாடி எடுத்தவர்கள் தெருவோரத் தாழ்வாரத்தைத் தொடவில்லை. அன்றைக்கு அது புதுமையான மாற்றம்தான். தெருவைக் கலைக்காத மாற்றம் என்பதால்தான் இன்றைக்கு அதையே பாரம்பரியம் என்று பட்டியலில் சேர்த்துக்கொள்கிறோம். ஆகவே 'மாற்றாதே' என்று சொல்லும் குழுவாக நீங்கள் இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எந்த மாற்றம் தெருவோடு பொருந்தும் என்று சொல்லத் தெரிந்த குழுவாக இருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அதற்கு முதலில் தெரு உங்கள் மேசைக்கு வர வேண்டும். மனுவோடு வரும் முகப்பு வரைபடத்தில் பெரும்பாலும் அந்த ஒரு வீடு மட்டுமே இருக்கும். இரண்டு பக்கமும் வெற்றுக் காகிதம். காகிதத்தில் தனியே நிற்கும் எந்த வீடும் அழகாகத்தான் தெரியும். இடப்பக்கம் மூன்று வீடு, வலப்பக்கம் மூன்று வீடு, நடுவில் மனுதாரர் வீடு என்று ஒரே அளவில் வரைந்து, திண்ணையின் உயரம், தாழ்வாரத்து ஓட்டு விளிம்பு, மரத்தூண்களுக்கு இடையிலான தூரம், மாடி ஜன்னலின் அடிமட்டம், கைப்பிடிச் சுவரின் உச்சி ஆகிய கோடுகளை ஏழு வீட்டின் குறுக்கேயும் இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு டேப்பும் ஓர் உதவியாளரும் இருந்தால் ஒரு பகலில் அளந்துவிடலாம். அந்தக் கோடுகள் எங்கே முறிகின்றன என்பதை அப்போது யாரும் விளக்க வேண்டியதில்லை. தாழ்வாரம் ஒரு வீட்டில் அறுந்தால் நிழல் அங்கே அறுகிறது. சித்திரை வெயிலில் நடந்துபோகிறவர் அந்த வீட்டின் முன் மட்டும் தெருவில் இறங்கி நடக்கிறார். பெரும்பாலும் இரண்டு சக்கர வண்டி ஏற்றச் சாய்தளம் போடுவதற்காகத்தான் திண்ணை வெட்டப்படுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வண்டி நிறுத்த வேறு இடம் யோசித்துத் தராமல் திண்ணையை மட்டும் காப்பாற்ற முடியாது.

இப்படித் தெருவாகப் பார்ப்பது நம் ஊருக்குப் புதிதும் இல்லை. வைசியாள் தெரு என்று நாம் அழைக்கும் கால்வே சுப்பராய செட்டி வீதியில், ஆசிய நகரங்களுக்கு உதவும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தின் கீழ், பாரம்பரியப் பாதுகாப்பில் ஈடுபடும் இன்டாக் அமைப்பு முன்னின்று செய்த வேலை, தனியொரு வீட்டைச் சிங்காரிக்காமல் தெருவின் ஒரு நீளத்தை மொத்தமாக எடுத்துக்கொண்டது. வீட்டுக்காரர்களும் செலவில் பங்கெடுத்தார்கள். அதற்கு 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது கிடைத்தது. விருதுப் பலகையைப் பார்க்க வரும் பயணிகளுக்குத் தெரிந்த அந்த அணுகுமுறை, இரண்டு தெரு தள்ளி ஒருவர் கொடுக்கும் மனுவைப் பரிசீலிக்கும்போது ஏன் அளவுகோலாகவில்லை என்பதே எனக்கு விளங்காதது.

அடுத்து, வரைபடத்தில் தெரியாத ஒன்றைப் பற்றிச் சற்று நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் வேலைத்தளத்தில் நான் அதிகம் பார்க்கும் கெடுதல் அதுதான். எங்கள் பகுதிச் சுவர்கள் மெல்லிய செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை. கடல் பக்கத்தில் இருப்பதால் தரையிலிருந்து ஈரத்தோடு உப்பும் சுவரில் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். வருடா வருடம் கொஞ்சம் உதிரும், வெள்ளையடித்தால் சரியாகிவிடும். அதே சுவரில் சிமென்ட் பூசியவுடன் ஈரத்துக்குப் போக வழியில்லை. முழங்கால் உயரத்தில் நின்றது இடுப்புக்கு ஏறுகிறது, பூச்சுக்குப் பின்னால் உப்பு பூத்துப் பெருக்கிறது, இரண்டு மழைக்காலம் போனதும் பூச்சு பலகை பலகையாகக் கழன்று விழும்போது செங்கல்லின் முகத்தையும் உரித்துக்கொண்டு வருகிறது. உள்ளே விரலை வைத்தால் செங்கல் மாவாக உதிரும். அதைப் பார்த்த வீட்டுக்காரர், 'சுவர் போய்விட்டது, இடித்துவிடலாம்' என்கிறார். பழியோ பழைய வீட்டின் மேல் விழுகிறது.

மேல்தளத்திலும் இதே கதைதான். மெட்ராஸ் தளம் என்பது தேக்குச் சட்டங்களின் மேல் செங்கல்லை நெட்டுக்குத்தாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் தெளித்து, ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் தட்டி இறுக்கி, கடைசியில் தட்டை ஓடுகளைப் பதித்து முடிப்பது. ஒழுகுகிறது என்பதற்காக அதன் தலையில் கான்கிரீட் போடுகிறார்கள். கூடுதல் எடை சட்டத்தின் மேல் இறங்குகிறது, சுவருக்குள் பதிந்திருக்கும் சட்டத்தின் நுனி ஈரத்தில் இற்றுப்போகிறது. மேலே நின்று பார்த்தால் தளம் புதிதாகத் தெரியும். எனவே வெளித்தோற்றம் ஒத்துப்போகிறது என்று ஒப்புதல் தரும்போது, எந்தச் சாந்து, எந்தப் பூச்சு, புதிய பாரம் எதன் மேல் இறங்குகிறது என்ற விவரமும் அந்த ஒப்புதலின் பகுதியாக வேண்டும். ஓர் அடிக்கு ஓர் அடி மாதிரிப் பூச்சு ஒன்றைச் சுவரில் செய்து காட்டச் சொன்னால், வேலை எடுத்தவருக்குச் சுண்ணாம்பு தெரியுமா தெரியாதா என்பது காய்வதற்குள் தெரிந்துவிடும்.

சுவர் போனபின் முகப்பை மீட்பது எவ்வளவு கடினம் என்பதற்கு மேரி கட்டடம் இருக்கிறது. 1870-71-ல் எழுந்த அந்த நகராட்சி மன்றக் கட்டடம், பல ஆண்டு கவனிப்பின்றிக் கிடந்து, 2014 நவம்பர் 29 அன்று மழையில் சரிந்தது. பழைய தோற்றத்திலேயே மறுபடி கட்டி 2021-ல் திறந்தார்கள். கடற்கரைச் சாலையில் அந்த இடம் வெறுமையாகக் கிடக்கவில்லை என்பதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அரசும் உலக வங்கியும் சேர்ந்து ஒரு கட்டடத்துக்குச் செய்ததை, நான்கு பங்காளிகளுக்குச் சொந்தமான ஒரு தெரு வீட்டுக்கு யார் செய்வார்கள்?

முகப்புக்குப் பின்னாலும் ஒரு வார்த்தை. விடுதியாக மாறும் வீடுகளில் முற்றத்தை மூடிவிடுகிறார்கள், அறைக்கு அறை குளியலறை வைக்கிறார்கள். வெளிச்சமும் காற்றும் போவது ஒரு பக்கம்; குளியலறை நீர் சுண்ணாம்புச் சுவருக்குள் கசிவது இன்னொரு பக்கம். ஒருவர் வீட்டுக்குள் அடுக்களையை எங்கே வைப்பது என்று குழு சொல்ல வேண்டியதில்லை. முற்றம் வானத்தைப் பார்த்திருக்கிறதா என்று மட்டும் கேட்கலாம்.

புதிதாகச் சேர்க்கும் பகுதி எப்படி இருக்க வேண்டும் என்பதில் உங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து இருக்கக்கூடும். சேர்க்கைகள் தம் காலத்தின் முத்திரையைத் தாங்க வேண்டும் என்று பழைய கட்டடங்களின் பாதுகாப்புக்கு உலக அளவில் வழிகாட்டும் 1964-ன் வெனிஸ் சாசனம் சொல்கிறது. பின்கட்டில் எழும் அறையும் தெருவிலிருந்து தெரியாதபடி உள்வாங்கி எழுப்பும் மேல்மாடியும் எளிமையாக, புதியது புதியதாகவே இருக்கட்டும் என்பது என் கட்சி. ஃபைபரில் வார்த்து ஒட்டிய தூண் தலைப்பைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும் என்பதை மறைக்கவில்லை. தட்டிப் பார்த்தால் டப்பா சத்தம் கேட்கிறது. தெருவோரம் விடுபட்ட தாழ்வாரத்தைத் திரும்பப் போடுவது மட்டும் வேறு. அங்கே அண்டை வீட்டின் கோடுகளையும் கூரை ஓடுகளையும் அப்படியே தொடர்வதுதான் முறை.

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா 1989-ல் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள கடைவீடுகளின் முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதை, நம் தாழ்வாரம் போலவே வீட்டுக்காரர் தெருவுக்குத் தரும் நிழல். அதை அடைக்கக் கூடாது, பின்னால் எழும் கட்டடம் முன்கூரையோடு எப்படி அமைய வேண்டும், ஜன்னல் எப்படி இருக்க வேண்டும் என்பதெல்லாம் படத்தோடு அச்சிட்ட வழிகாட்டியாக யார் கையிலும் கிடைக்கிறது. மனுதாரர் வரைவதற்கு முன்பே விதி தெரிகிறது. நமக்கும் தெருவாரியாக, தமிழில், படத்தோடு அப்படி ஒன்று வேண்டும். அது வரும்வரை, மனுவைத் திருப்பி அனுப்பினால் எந்தக் கோடு, எந்தப் பொருள், எந்தப் பகுதி ஒத்துவரவில்லை என்று காரணத்தைத் தமிழில் எழுதித் தாருங்கள். 'திருத்தி மீண்டும் சமர்ப்பிக்கவும்' என்ற ஒற்றை வரியோடு திரும்பி வரும் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர், ஒரு நீண்ட விடுமுறையில் வீட்டையே தரைமட்டமாக்கிவிடும் கொடுமையும் நடக்கிறது. முடிவுக்கு ஒரு காலக்கெடு வேண்டும். வரைவதற்கு முன் உங்களில் ஒருவரைப் பார்த்துப் பேச ஒரு நாள் வேண்டும். பூச்சை உரித்த பிறகு ஒருமுறையும் மேல்தளம் போடும் முன் ஒருமுறையும் யாராவது நேரில் வந்து பார்க்க வேண்டும்.

விதிகள் வீட்டுக்காரர்களைப் பகைத்துக்கொண்டால் நிலைப்பதில்லை என்பதையும் நினைவில் வைக்கக் கேட்கிறேன். மும்பை 1995-ல் கட்டடங்களைத் தரம் பிரித்துக் கொண்டுவந்த பாரம்பரிய விதிகள் பல நகரங்களுக்கு முன்மாதிரியாயின. ஐதராபாத்திலோ அதே காலத்தில் வந்த விதி 2015-ல் நீக்கப்பட்டது. சுண்ணாம்பு வேலைக்கு ஆகும் கூடுதல் செலவில் ஒரு பங்கை ஏற்பதும், சொத்து வரியில் ஏதேனும் சலுகை தருவதும் உங்கள் அதிகாரத்துக்குள் இல்லாமலிருக்கலாம். அரசுக்குப் பரிந்துரைக்க உங்களால் முடியும்.

இவற்றில் பலவும் காலம் எடுக்கும். ஏழு வீட்டு முகப்பு வரைபடம் மட்டும் அப்படியில்லை. விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டியவற்றின் பட்டியலில் ஒரு வரி சேர்த்தால் போதும் என்று நினைக்கிறேன். அதை அடுத்த கூட்டத்தின் பொருளில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அளவெடுக்க எங்கள் தெருவில் டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டுமானால், நானும் என்னோடு வேலை பார்க்கும் இரண்டு கொத்தனார்களும் வருகிறோம்.

இப்படிக்கு,
தமிழர் பகுதியில் குடியிருக்கும் ஒரு கட்டட மேற்பார்வையாளர்,
புதுச்சேரி.