துலரோசா பாட்டிக்கு ஒரு சான்று வேண்டும்

அன்புள்ள மங்கை,

உன் கடிதம் வந்தது. சின்னவளுக்கு மதுரையிலேயே வேலை அமைந்ததில் எங்களுக்கு ரொம்ப சந்தோஷம். முழங்கால் வலிக்கு எண்ணெய் மட்டும் தேய்த்துக்கொண்டிருக்காதே, ஒரு நல்ல டாக்டரைப் பார்.

இங்கே அல்புகர்கியில் குளிர் குறைந்துவிட்டது. நான் இப்போது எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பாட்டிக்கு அரசு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். எண்பதைத் தாண்டியவர், இதே நியூ மெக்சிகோ மாநிலத்தில் துலரோசா என்ற ஊரில் பிறந்து வளர்ந்தவர். தைராய்டு புற்றுநோய் வந்து ஆபரேஷன் ஆனவர். கேட்பது கதிர்வீச்சு இழப்பீடு.

1945 ஜூலை 16 விடியற்காலை, உலகின் முதல் அணுகுண்டை இந்த மாநிலத்துப் பாலைவனத்தில்தான் வெடித்துப் பார்த்தார்கள். சுற்றிலும் வாழ்ந்தவர்களிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெடிமருந்துக் கிடங்கு ஒன்று வெடித்தது என்று பிறகு பத்திரிகையில் செய்தி கொடுத்தார்கள். சாம்பல் கூரைகளில் விழுந்தது. கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் பிடித்துக் குடித்த குடும்பங்கள் அவை. ஆடு மாடு மேய்ந்த புல்லிலும் அதே சாம்பல். அந்தச் சாம்பலில் இருக்கும் கதிரியக்க அயோடின் பால் வழியாகத்தான் குழந்தைகளின் தைராய்டுக்கு எளிதாகப் போய்ச் சேரும்.

எனக்கு ஆத்திரம் வருவது இதற்குப் பிறகு நடந்ததை நினைத்துத்தான். 1990இல் அமெரிக்க காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டு, நாட்டின் சார்பில் மன்னிப்பும் கேட்டது. பிறகு நெவாடா மாநிலத்தில் நடந்த அணுகுண்டு சோதனைகளின் காற்று வீசிய பக்கம் வாழ்ந்தவர்களுக்கு 50,000 டாலர், யுரேனியம் தோண்டியவர்களுக்கு 1,00,000 டாலர். நெவாடா, யூட்டா, அரிசோனாவில் சில மாவட்டங்களைக் குறித்தார்கள். முதல் குண்டு வெடித்த நியூ மெக்சிகோவின் மக்களை அந்தப் பட்டியலில் சேர்க்கவே இல்லை! துலரோசாக்காரரான டினா கோர்டோவா, தானும் தைராய்டு புற்றுநோயிலிருந்து மீண்டவர், 2005இல் இதற்காகவே ஓர் அமைப்பைத் தொடங்கினார். நியூ மெக்சிகோவையும் சேர்க்க மேல்சபையான செனட் இரண்டு முறை ஒப்புக்கொண்டும் கீழ்ச்சபையில் நகரவில்லை. 2024 ஜூனில் பழைய சட்டமே காலாவதியானது. கடைசியில் 2025 ஜூலையில், ஒரு பெரிய வரவுசெலவு மசோதாவுக்குள் நுழைத்து நிறைவேற்றினார்கள். இப்போது நியூ மெக்சிகோவும் உண்டு, தொகையும் 1,00,000 டாலர். இதற்குள் எண்பது வருடம். எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

பணம் தருகிறோம் என்று சொல்லிவிட்டு, பாதிக்கப்பட்டவரையே நிரூபிக்கச் சொல்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. யுரேனியம் தோண்டிய நவாஹோ பூர்வகுடி சுரங்கத் தொழிலாளிகளைக் கேள்விப்பட்டிருப்பாய். காற்றோட்டம் இல்லாத குழிகளில் வேலை பார்த்து நுரையீரல் கெட்டுச் செத்தார்கள். அவர்களை 1950இலிருந்தே அரசு மருத்துவர்கள் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள், ஆபத்தை மட்டும் சொல்லவில்லை. பிறகு விதவைகள் இழப்பீடு கேட்டுப் போனபோது கல்யாணச் சான்றிதழ் கேட்டார்கள். தங்கள் வழக்கப்படி சடங்கு செய்து கல்யாணம் முடித்த பெண்கள் காகிதத்துக்கு எங்கே போவார்கள், சொல்.

எங்கள் தெருப் பாட்டிக்கும் அதே கதைதான். 1944 செப்டம்பருக்கும் 1962 நவம்பருக்கும் இடையில் குறைந்தது ஒரு வருடமாவது இந்த மாநிலத்தில் வசித்ததைக் காட்ட வேண்டும். ஆஸ்பத்திரிக் காகிதங்கள் பத்திரமாக இருக்கின்றன, நோய் விஷயத்தில் சிக்கல் இல்லை. குடியிருந்ததற்குத்தான் ஒன்றும் கையில் இல்லை. வாடகை வீடு, தகப்பனார் கூலி வேலை, பத்திரம் ஏது? சர்ச்சில் ஞானஸ்நானப் பதிவு இருக்கும் என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்துக்கும் கடிதம் போட்டாயிற்று. 2027 டிசம்பர் 31க்குள் விண்ணப்பம் போய்விட வேண்டும். நாள் இருக்கிறது, ஆனால் பாட்டியின் வயது அப்படி. "எனக்குக் கிடைக்காவிட்டாலும் என் மகளுக்காவது வரட்டும்" என்கிறார்.

அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன். தாலுகா ஆபீசில் முதியோர் உதவித்தொகை மனுக்களை நீ எத்தனை வருடம் பார்த்தாய்! ஒரு துண்டுக் காகிதமும் இல்லாமல் வந்தவர்களுக்கு எதை எதைத் தேடிப் பிடித்து வழி செய்து கொடுத்தாய்? நான் யோசிக்காத இடம் ஏதாவது உனக்குத் தோன்றும். இந்த வாரமே எழுது, இல்லையென்றால் போனில் கூப்பிடு.

அன்புடன்,
கலா