எண்ணூர் முகத்துவாரத்திலிருந்து நன்றி மடல்

அன்புடையீர்,

2023 டிசம்பரில் மிக்சாம் புயலின் வெள்ளத்தோடு வந்த எண்ணெய், பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் பரவி, எங்கள் படகுகளிலும் வலைகளிலும் வீட்டுச் சுவர்களிலும் அப்பிக்கொண்டது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, கடலடிக் குழாய் ஒன்றிலிருந்து கசிந்த அம்மோனியா பெரியகுப்பத்து மக்களை உறக்கத்திலிருந்து எழுப்பித் தெருவில் ஓடவைத்தது. அந்நாட்களிலும் அதன் பிறகும் எங்களோடு நின்ற அனைவருக்கும், மீனவக் குடும்பங்களின் சார்பில் காலம் தாழ்ந்தேனும் இம்மடலை எழுதுகிறோம்.

அன்றிரவு வாடகை பேசாமல் முதியவர்களையும் குழந்தைகளையும் ஏற்றிச் சென்ற ஆட்டோ ஓட்டுநர்களுக்கு முதல் நன்றி. முறையான கருவிகள் வந்து சேருமுன், எங்கள் ஆண்களே வாளியாலும் குவளையாலும் எண்ணெயை அள்ளினார்கள். அவர்களின் தோல் அரிப்புக்கும் கண்ணெரிச்சலுக்கும் மருந்து தந்ததோடு நிற்காமல், ஒவ்வொருவருக்கும் தேதியிட்டுச் சீட்டு எழுதிக்கொடுத்த மருத்துவர்களை நாங்கள் மறக்கமாட்டோம். வடசென்னையில் நோய்க்குச் சான்று கிடைப்பது நோய் தீர்வதைவிட அரிது.

எழுத்தின் பயன் எங்களுக்குப் புதிதன்று. அனல் மின் நிலையச் சாம்பல் ஆற்றில் கலப்பது குறித்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2022இல் தீர்ப்பளித்ததும், ஒரு மீனவர் தொடுத்த வழக்கில்தான். ஆகவே, ஆற்றுநீரைப் புட்டியில் பிடித்து, இடமும் நேரமும் குறித்து வைத்த மாணவர்களுக்கும், எங்கள் பேச்சை மனுவாக்கிய வழக்கறிஞர்களுக்கும் பெரிதும் கடன்பட்டிருக்கிறோம். நகரின் தெற்கே கடலோரத்தில் நடைபாதை போடுகிறார்கள், வடக்கே சாம்பல் குழாய் போடுகிறார்கள். இது இயற்கையின் ஏற்பாடு அல்ல என்பதை வரைபடத்தில் காட்ட எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் அம்மாணவர்களே.

ஒரு நன்றியைத் தனியே சொல்ல வேண்டும். இங்கே படகும் வலையும் இல்லாமல், இடுப்பளவு நீரில் இறங்கிப் பறி எனும் கூடையைப் பல்லில் கவ்வியபடி சேற்றைத் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள் இருக்கிறார்கள். எண்ணெய் படிந்த சேற்றை உடம்பால் தொட்டவர்கள் அவர்களே. ஆயினும் இழப்பைக் கணக்கிடும்போது படகு கண்ணில் படுகிறது, வெறுங்கை படுவதில்லை. எங்கள் ஊர்க் கூட்டங்களிலும் அவர்கள் பேச்சு கடைசியில்தான் வரும். அவர்களின் குடியிருப்புக்கே சென்று, வீடு வீடாக அமர்ந்து, நாளொன்றுக்கு என்ன பிடித்தார்கள், எந்தத் துறையில் இறங்கினார்கள் என்று கேட்டு எழுதிய தோழியருக்கு எங்கள் வணக்கம்.

நீங்கள் அனுப்பிய உதவித்தொகையில் அரிசிக்கும் மருந்துக்கும் போக மீந்ததை, இப்பெண்களின் குடும்பங்களுக்கே பகிர்ந்தளித்தோம். வரவு செலவுக் கணக்கு ஊர்ப் பொதுக்கூடத்தில் வைக்கப்பட்டுள்ளது. யாரும் வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
முகத்துவாரக் கரை மீனவக் குடும்பங்கள்