இருபது மில்லிகிராமையும் சொல்லுங்கள், டாக்டர்

தமிழ்நாட்டில் புற்றுநோய் பார்க்கும் மருத்துவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். தலை, கழுத்துப் பகுதியில் வந்த புற்று முற்றிப்போய், இனி குணப்படுத்த வழியில்லை என்றான பிறகு உடலின் எதிர்ப்பு சக்தியைத் தூண்டிப் புற்றோடு மோதவைக்கும் இம்யூனோதெரபி பற்றிப் பேச்செடுக்கிறீர்களே, அப்போது அந்த வகை ஊசியான நிவோலுமாபைக் குறைந்த அளவில் போடும் வழி ஒன்று இருப்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். நோயாளி வீட்டுக்காரர்களான நாங்கள் பணமில்லை என்று கையை விரிக்கும்வரை காத்திருக்காமல், முதல் பேச்சிலேயே.

இது வாட்ஸப்பில் வந்த கைவைத்தியம் இல்லை. மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையில் 151 பேரை வைத்து நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வு, உங்களுக்குத் தெரியாததா? வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 240 மில்லிகிராம். அங்கே புற்றுநோய்க்குக் கொடுக்கும் மாத்திரைகளோடு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20தான் போட்டார்கள். மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் ஓராண்டு தாண்டியவர்கள் 16.3 சதவீதம், இந்த ஊசியும் போட்டுக்கொண்டவர்களில் 43.4. முழு அளவோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு அல்ல அது, அதனால் இரண்டும் ஒன்றுதான் என்று வாதாட வரவில்லை. பாதிப் பேராவது உயிரோடிருந்த காலம் 6.7 மாதத்திலிருந்து 10.1 மாதமானது, அவ்வளவுதான். ஆனால் அந்த மூன்று மாதச் சொச்சம் வேண்டுமா, என்ன விலைக்கு வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டியவர் நோயாளி.

என் சித்தப்பாவுக்கு வாய்ப்புற்று. ஒரு தனியார் மருத்துவமனையில் அவரை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, அவர் மகனையும் என்னையும் மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். எஸ்டிமேட் தாளில் ஒரு மருந்து, ஒரு தொகை. எத்தனை ஊசி சார் என்று தம்பி கேட்டதற்கு, "மருந்து கேக்குற வரைக்கும் போடணும்" என்று பதில். வயலை விற்கலாமா என்ற பேச்சு படிக்கட்டிலேயே தொடங்கிவிட்டது. சின்ன அளவைப் பற்றிச் சொன்னது வேறு ஊர் மருத்துவர் ஒருவர். அவர் சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தே பேசினார்: 40 மில்லிகிராம் குப்பி ஒன்று இரண்டு பேருக்கு வரும், இன்னொருவரையும் அதே நாளில் வரச்சொல்கிறேன், ஆளுக்குப் பாதி கொடுத்தால் போதும். சித்தப்பா கேட்டது ஒன்றே ஒன்று, போட்டால் சோறு இறங்குமா? "சிலருக்கு இறங்கும், உங்களுக்கு இறங்கும்னு இப்பவே உறுதி சொல்ல முடியாதுய்யா." அந்தப் பதிலில் அவருக்குத் திருப்திதான்.

அட்டைப்பெட்டியில் அச்சடித்த அளவைவிடக் குறைத்துப் போட்டால் வம்பு வரும் என்று யோசிப்பீர்கள், நியாயம்தான். சரி, அதையும் எங்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள், கையெழுத்து வேண்டுமென்றால் வாங்கிக்கொள்ளுங்கள். குப்பியைப் பங்கிட வசதியாக வாரத்தில் ஒரு நாளை இந்த ஊசிக்கென்று ஒதுக்குங்கள். எஸ்டிமேட்டில் முழு அளவுக்கு ஒரு வரி, குறைந்த அளவுக்கு ஒரு வரி, மாத்திரை மட்டும் என்றால் அதற்கும் ஒரு வரி எழுதி, தாளை நோயாளி கையில் கொடுங்கள். எங்களைப் பிறகு கூப்பிட்டுக்கொள்ளலாம்.