சோதனைக்குப் பொய்ப் பெயர் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அல்சூர் சோமேஸ்வரர் கோயில் பக்கம் பூக்கட்டி விற்கும் அக்கா ஒருவர் போன மாதம் ஒரு காலையில் என்னை நிறுத்தி, "கண்ணு, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு, ராத்திரி முழுக்கத் தூக்கமில்ல" என்று போனை நீட்டினார். நகைக்கடன் வாங்கிய இடத்திலிருந்து வந்த எஸ்எம்எஸ். கடன் எண் அவருடையதுதான், ஆனால் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'டெஸ்ட் 1' என்றும், இன்றே கட்ட வேண்டிய தவணை ரூ.99,999 என்றும் இருந்தது. பதினோரு வருடமாக மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டர் வேலை பார்ப்பவள் என்பதால் எனக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. நிஜ வாடிக்கையாளர் பட்டியலை அப்படியே நகலெடுத்து வைத்துக்கொண்டு யாரோ சோதனை செய்திருக்கிறார்கள், எஸ்எம்எஸ் வெளியே போகும் வழியை அடைக்க மறந்திருக்கிறார்கள். அக்காவுக்கோ நகை ஏலத்துக்குப் போய்விட்டது என்ற பயம்.

பெங்களூரில் மென்பொருள் வேலை பார்க்கும் பலருக்கு இது புதிய செய்தியாக இருக்காது. புரொடக்‌ஷன் டேட்டாவை, அதாவது நிஜ வாடிக்கையாளர்களின் தகவலை, ஒரு நகல் எடு, சோதனைக்கான கணினியில் (டெஸ்ட் சர்வரில்) போடு, வேலையைப் பார் என்பது நான் பார்த்த ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பழக்கம். கேட்டால், நிஜ டேட்டாவை வைத்துச் சோதித்தால்தான் நிஜமான பிழை தெரியும் என்பார்கள். இது தவறு என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். பெயர், பிறந்த தேதி, முகவரி, கணக்கு எண் எல்லாவற்றையும் கணினியே பொய்யாக உருவாக்கிக் கொடுக்கும், அதுவும் வேண்டும்போது அதே பொய்யைத் திரும்ப வரவழைக்கிற மாதிரி கொடுக்கும். இதற்கான கருவிகள் பல வருடங்களாக இலவசமாகவே கிடைக்கின்றன. பைத்தான் என்ற நிரல்மொழியில் ஃபேக்கர் என்ற நூலகம் (ஆயத்த நிரல்களின் தொகுப்பு) இருக்கிறது, தமிழ்ப் பெயர்களைக்கூடத் தரும்.

அதே பொய் திரும்ப எப்படி வரும்? ஒரு பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். 7-இல் தொடங்குங்கள். 5-ஆல் பெருக்கி 3 கூட்டினால் 38, அதை 16-ஆல் வகுத்தால் மீதி 6. அந்த 6-ஐ அதே மாதிரி செய்தால் 1, அப்புறம் 8, 11, 10, 5, 12 என்று போகும். பார்ப்பவருக்கு ஒழுங்கில்லாத எண்கள், ஆனால் நாளைக்கும் 7-இல் தொடங்கினால் இதே வரிசைதான் வரும். அந்த 7-தான் விதை எண், எங்கள் வேலையில் சீட் என்போம். பதினாறு தடவை போனதும் இந்தச் சின்னக் கணக்கு திரும்ப 7-க்கே வந்துவிடும், அதனால் நிஜ வேலைக்கு இது போதாது. பெருக்கி மீதி எடுக்கும் இந்த வழியின் மூல வடிவத்தை அமெரிக்கக் கணித அறிஞர் டி.எச். லெமர் 1949-லேயே முன்வைத்தார். பைத்தானில் இன்று ஓடுவது ஜப்பானைச் சேர்ந்த மட்சுமோட்டோவும் நிஷிமுராவும் 1998-ல் வெளியிட்ட மெர்சென் ட்விஸ்டர் என்ற முறை. அது தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வர எடுக்கும் தடவைகளை எழுதினால் 6,002 இலக்கம் வரும். அந்த எண்களை வைத்துத்தான் பட்டியலில் எந்தப் பெயர், எந்த ஊர், எந்தத் தேதி என்று ஃபேக்கர் பொறுக்கி எடுக்கிறது. விதை ஒன்றாக இருந்தால் பத்தாயிரம் பொய் மனிதர்களும் அதே வரிசையில் திரும்ப வருவார்கள்.

விதையைக் குறித்து வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை நாங்களே அனுபவித்தோம். எங்கள் குழுவில் தினமும் இரவு புதுப் புதுப் பொய்ப் பெயர்களோடு சோதனை ஓடும். ஒரு வெள்ளிக்கிழமை இரவு 'பெயர் பொருந்தவில்லை' என்று ஒரே ஒரு சோதனை தோற்றது, காலையில் திரும்ப ஓட்டினால் எல்லாம் பாஸ். மூன்று வாரத்தில் இன்னும் இரண்டு தடவை அப்படியே வந்து மறைந்தது. டெவலப்பர் நம்ப மறுத்தார், எங்களிடம் காட்ட எதுவும் இல்லை. பிறகு ஒரு தோழி ஒவ்வொரு இரவும் விதை எண்ணை லாக்கில் (சோதனை ஓடும்போது எழுதப்படும் பதிவில்) அச்சிடும்படி ஒரு வரி சேர்த்தார். நான்காவது தடவை வந்தபோது அந்த எண்ணைப் போட்டோம், பத்து நிமிடத்தில் ஆள் சிக்கினார்: சுப்பிரமணியன்.

நம் கண்ணுக்கு அது எட்டு எழுத்து. கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில், கொம்பும் புள்ளியும் தனித்தனி என்பதால், 13 குறியீடு. யுடிஎஃப்-8 என்ற முறையில் சேமித்தால் ஒவ்வொன்றுக்கும் 3 பைட் (சேமிப்பு அலகு) வீதம் 39 பைட். அந்தப் பெயர்ப் பெட்டியின் அளவு 30 பைட். மிச்சத்தை வெட்டியதும் 'சுப்பிரமணி' என்று நின்றுவிட்டது, அதுவும் ஒரு நல்ல தமிழ்ப் பெயர் என்பதால் திரையில் பார்த்த யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பழைய படிவம் ஆங்கில எழுத்தை மட்டும் ஏற்றதால் எங்கள் நிஜ வாடிக்கையாளர் பட்டியலில் தமிழ் எழுத்தில் ஒரு பெயர்கூட இல்லை, எனவே அதை வைத்துச் சோதித்திருந்தால் இந்தப் பிழை எங்களிடம் சிக்கியே இருக்காது. நிஜ டேட்டாவில் பழைய மென்பொருள் உள்ளே விட்டவர்கள் மட்டும்தான் இருப்பார்கள். இனிமேல் வரப்போகிறவர்களை, குடும்பப் பெயரே இல்லாமல் அப்பா பெயரின் முதலெழுத்தை மட்டும் போடுகிறவரை, பிப்ரவரி 29-ல் பிறந்தவரை, நாம்தான் பொய்யாகப் படைத்து உள்ளே அனுப்ப வேண்டும்.

விதை மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஃபேக்கரின் பெயர்ப் பட்டியல்கள் அவ்வப்போது மாறும், பதிப்பு மாறினால் அதே விதைக்கு வேறு ஆள் வரக்கூடும், அதனால் பதிப்பு எண்ணையும் கட்டிப்போட வேண்டும். வயதை இன்றைய தேதியிலிருந்து கணக்கிட்டால் நாளைக்கு வேறு பிறந்த தேதி வரும், ஆகவே தேதியையும் நிறுத்தி வைக்க வேண்டும். மின்னஞ்சலுக்கு எக்ஸாம்பிள்.காம் என்ற முகவரி 1999 முதல் உதாரணங்களுக்காகவே ஒதுக்கப்பட்டிருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். ஆதார் எண்ணில்தான் ரொம்பக் கவனம் தேவை. 12 இலக்கத்தில் கடைசி இலக்கம் மற்றவற்றைச் சரிபார்க்கிற எண், அது சரியாக வரும்படி நாமே ஒன்றை உருவாக்கினால் அது எங்கோ வாழும் ஒருவருடைய எண்ணாகவே இருந்துவிடலாம். எனவே டேட்டா பொய்யாக இருந்தாலும் சோதனை இடத்திலிருந்து எஸ்எம்எஸ்ஸோ மின்னஞ்சலோ வெளியே போகவே கூடாது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில்தான் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-ல் தீர்ப்பளித்தார்கள். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், பாதுகாப்பு ஏற்பாடுகளில் தவறினால் ரூ.250 கோடி வரை அபராதம் உண்டு. ஒருவர் எதற்கென்று சம்மதித்துத் தகவலைத் தந்தாரோ அதற்கு மட்டும் பயன்படுத்த வேண்டும் என்பது அதன் அடிப்படை. அக்கா தன் விவரங்களைக் கொடுத்தது நகைக்கடனுக்கு.

திருநெல்வேலியிலிருந்தும் கோவையிலிருந்தும் இங்கே டெஸ்டராக வந்து சேரும் தம்பி தங்கைகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். குழுவில் சேர்ந்த முதல் வாரத்திலேயே, இந்த டேட்டா எங்கிருந்து வந்தது, விதை எண் எங்கே பதிவாகிறது என்று இரண்டு கேள்வி கேளுங்கள். மேனேஜர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. பொய்ப் பெயர்ப் பட்டியல் தயாரிக்க இரண்டு நாள் ஆகும் என்று சொன்னால் அந்த இரண்டு நாளைக் கேட்டு வாங்குங்கள்.

அக்காவோடு நானும் அந்தக் கிளைக்குப் போனேன். சிஸ்டம் தப்பு, நகை பத்திரமாக இருக்கிறது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார்கள். சரி, அந்தப் பட்டியலை நகலெடுத்தது யார், இப்போது எத்தனை பேர் கணினியில் அது இருக்கிறது, அழித்துவிட்டீர்களா என்று எழுதிக் கேட்டோம். ஐந்து வாரம் ஆகிறது, பதில் வரவில்லை. அக்கா கையெழுத்துப் போட்ட இரண்டாவது கடிதத்தை இந்தத் திங்கட்கிழமை பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு மென்பொருள் சோதனையாளர்,
அல்சூர், பெங்களூரு.