பறவையின் குணம் பெயரிலேயே இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் பறவைகள் பற்றி வந்த பக்கத்தைப் பார்த்தேன், படங்கள் அத்தனையும் அருமை. ஆனால் அவற்றுக்குக் கீழே 'ஓப்பன்பில் ஸ்டார்க்', 'டார்ட்டர்', 'ஸ்பூன்பில்', 'லாப்விங்' என்று போட்டிருந்தீர்கள், அதைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. இந்த நான்குக்கும் தமிழில் பெயர் இருக்கிறது, பறவையைக் கண்ணால் பார்த்துப் பழகியவர்கள் வைத்த பெயர்.

நத்தைகுத்தி நாரையை எடுத்துக்கொள்ளுங்கள். அலகு திறந்தே இருக்கிறது என்பதோடு ஆங்கிலப் பெயர் நின்றுவிடுகிறது, அந்த அலகை வைத்து என்ன செய்கிறது என்பதைத் தமிழ்ப் பெயர் சொல்லிவிடுகிறது. ஒரு நாள் காலையில் இதை நான் பக்கத்திலிருந்தே பார்த்தேன். தண்ணீருக்குள் அலகை விட்டுத் துழாவி ஒரு நத்தையை எடுத்தது, மேல் அலகால் அதைச் சேற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு கீழ் அலகின் மெல்லிய நுனியை உள்ளே செருகி ஆட்டியது, அவ்வளவுதான், சதை தனியாக வந்துவிட்டது. ஓடு உடையவே இல்லை! இன்னொன்று, அலகில் அந்த இடைவெளி குஞ்சுக்குக் கிடையாது, வளர வளரத்தான் வருகிறது.

நீங்கள் 'டார்ட்டர்' என்று போட்ட பாம்புத்தாரா உடம்பை நீருக்குள் அமிழ்த்தி, கழுத்தை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நீந்தும்போது பாம்பு வருவது போலவே இருக்கும். அதன் இறகு நன்றாக நனைந்து ஊறிவிடும், அதனால்தான் அப்படி அமிழ முடிகிறது, அதனால்தான் கரையேறியதும் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு நிற்கிறது. கரண்டிவாயனுக்கு விளக்கமே தேவையில்லை.

ஆங்கிலப் பெயரே வேண்டாம் என்று சொல்லவில்லை. மேற்கொண்டு தேடிப் படிக்க அது உதவும், அடைப்புக்குறிக்குள் போடுங்கள். பென்குயினுக்குப் பென்குயின் என்றே இருக்கட்டும், சரி. ஆனால் நம்மிடம் பெயர் இருக்கும் பறவைக்கு அதை முதலில் போடுங்கள், தயவுசெய்து.

அன்று என் பேத்தி 'லாப்விங்' என்று எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டாள். அது ஆள்காட்டி என்று சொன்னேன். உடனே திரும்பி வந்து, "யாரை யாருக்குக் காட்டும்?" என்று கேட்டாள். தரையிலேயே முட்டையிடும், கல்லோடு கல்லாகக் கிடக்கும் அந்த முட்டைப் பக்கம் ஆள் வந்தால் கத்தி ஊரைக் கூட்டிவிடும் என்று சொல்லச் சொல்ல, அந்தப் படத்தை விட்டு அவள் நகரவே இல்லை.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்