புது டேக் ஆர்டர் போடறதுக்கு முன்னாடி கேட்ல இருக்கற ரீடரை ஒருக்கா பாருங்க

அசோசியேஷன் கமிட்டில இருக்கற எல்லாத்துக்கும் வணக்கமுங்க. அழகாபுரத்துல நம்ம அப்பார்ட்மெண்ட்லயே குடியிருக்கறவன்தான் எழுதறேன், எலக்ட்ரானிக்ஸ் சர்வீஸ் என் தொழில், அதனால கேட் தெறக்கறதுக்கு நீங்க புதுசா குடுத்த டேக் வேலை செய்யாததைப் பத்தி கொஞ்சம் விவரமாவே சொல்லிடறேன்.

போன வியாழக்கிழமை சாயங்காலம் ஏற்காடு மலைப் பக்கம் கருத்துக்கிட்டு வந்து அப்படியே நம்ம ஏரியாவுல கொட்டுச்சே, அன்னைக்கு எங்கம்மா அஞ்சு ரோட்டுல மாத்திரை வாங்கிட்டு ஆட்டோல வந்து எறங்கி, அந்த நீல டேக்கை மெயின் கேட்ல டேக் படிக்கற ரீடர் மேல வெச்சு வெச்சு எடுத்திருக்காங்க, ஒரு பீப் சத்தம் கூட வரல. வாட்ச்மேன் மோட்டார் போட பின்னாடி போயிருந்தாரு. 72 வயசுங்க அம்மாவுக்கு. இருபது நிமிஷம் நனைஞ்சுட்டு மேல வந்து "எனக்குத்தான் அதை சரியா வெக்கத் தெரியல போலடா"ன்னாங்க. மனசே கேக்கல எனக்கு. அம்மா மேல எந்தத் தப்பும் இல்ல, அந்த டேக் நம்ம கேட்டுக்கு ஆகாத டேக்.

அன்னைக்கு ராத்திரியே பழைய டேக்கையும் புது டேக்கையும் பக்கத்துல வெச்சுப் பாத்தேன். அதே நீலம், அதே சைஸ், சாவி மாட்டற வளையம் கூட ஒண்ணேதான். போன்ல என்எஃப்சி, அதாவது கிட்ட வெச்ச டேக்கைப் படிக்கற வசதியை ஆன் பண்ணிட்டு முதுகுப் பக்கம் புது டேக்கை வெச்சா உடனே டிங்குனு காட்டுது, பழசை எப்படித் திருப்பி வெச்சாலும் கம்முனு இருக்குது. ஏன்னா பழசோட அலைவரிசை 125 கிலோஹெர்ட்ஸ், புதுசோடது 13.56 மெகாஹெர்ட்ஸ். போன் படிக்கறது 13.56 மட்டுந்தான். டேக்குக்குள்ள பேட்டரி கிடையாதுங்க, சின்னதா ஒரு காயிலும் சிப்பும்தான், ரீடர்ல இருந்து வர்ற அலைலதான் அதுக்கு கரண்டே கிடைக்கும், அலைவரிசை வேறன்னா உள்ள சிப்பு முழிக்கவே முழிக்காது. நாள் பூரா தேச்சாலும் கதவு தெறக்காது.

நீங்க டெஸ்ட் பண்ணாம வாங்கலன்னு தெரியும். ஆனா டெஸ்ட் பண்ணது ஜிம் கதவுல. அங்க இருக்கறது போன வருஷம் மாத்துன ரீடர், ரெண்டு வகையும் படிக்கும். மெயின் கேட்டும் லிஃப்டும் பழசு, ஈஎம் 4100ங்கற 125 கிலோஹெர்ட்ஸ் சிப்பு வகை மட்டுந்தான் படிக்கும். ஒரு கதவுல தெறந்துச்சுன்னு மொத்தமா ஆர்டர் போட்டதுலதான் சிக்கல்.

பி பிளாக்ல நடந்தது வேற கதை, அங்க கார்டை வெச்சா பீப் வருது, கதவு தெறக்கல. அப்படின்னா ரீடர் படிச்சிருச்சு, கதவைத் தெறக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ற கன்ட்ரோலர்ல ஏத்துன நம்பர்தான் தப்பு. கார்டு மேல ரெண்டு விதமா நம்பர் அடிச்சிருப்பான் பாருங்க, 0012345678 அப்படின்னு பத்து இலக்கம், பக்கத்துலயே 188,24910 அப்படின்னு ஒண்ணு. ரெண்டும் ஒரே நம்பர்தான், 188ஐ 65536ஆல பெருக்கி 24910 கூட்டிப் பாருங்க சரியா வரும். நம்ம கன்ட்ரோலர் 26 பிட் வீகன்ட், அதாவது ரீடர்ல இருந்து நம்பரை வாங்கற ஒரு முறை, அது கமாவுக்கு முன்னாடி இருக்கறதை ஃபெசிலிட்டி கோடாவும் (கார்டுத் தொகுதி எண்) பின்னாடி இருக்கறதை கார்டு நம்பராவும் தனித்தனியா எடுத்துக்கும். டைப் பண்ண பையன் பத்து இலக்கத்தை அப்படியே அடிச்சுட்டான், அவ்ளோதான். அந்தக் கார்டுங்களைத் தூக்கிப் போட்டுடாதீங்க, நம்பரை மாத்தி ஏத்துனாப் போதும்.

இன்னொண்ணு. 125 டேக்ல ரகசியம்னு ஒண்ணும் கிடையாது, ரீடர் எது வந்தாலும் நம்பரை அப்படியே ஒப்பிச்சிரும், டி5577னு திரும்ப எழுதற சிப்பு இருக்கற வெறும் டேக் ஒண்ணு கைல இருந்தா காப்பி எடுக்கறது நிமிஷ வேலை. 13.56ன்னாலே பாதுகாப்புன்னும் சொல்ல முடியாது, அதுல ஒரு வகையான மைஃபேர் கிளாசிக்கோட ரகசியப் பூட்டை 2008லயே ஒடச்சுட்டாங்க. ரீடரை மாத்தற காலம் வந்தா டெஸ்ஃபயர் வகை டேக் மாதிரி ஏஇஎஸ்ங்கற பலமான ரகசியப் பூட்டு உள்ளதா கேட்டு வாங்குங்க, ரீடரும் வெறும் நம்பரைப் படிக்காம டேக்குக்குள்ள இருக்கற அந்த ரகசியச் சாவியைச் சரிபாக்கற மாதிரி செட் பண்ணச் சொல்லுங்க. அதுவரைக்கும் வீடு காலி பண்ணவங்க டேக்கும் தொலைஞ்ச டேக்கும் அன்னன்னைக்கே சிஸ்டத்துல இருந்து எடுத்துடுங்க. எங்க மாடில காலி பண்ணிட்டுப் போனவங்களோட டேக் இன்னும் வேலை செய்யுதுங்க, நானே பாத்தேன்.

இப்ப என் கோரிக்கை, சப்ளையருக்கு மிச்சப் பணத்தைக் குடுக்காம நிறுத்தி வெச்சு, ஈஎம் 4100 இல்லன்னா அதே மாதிரி வேலை செய்யற டிகே 4100 சிப்பு போட்ட டேக்கா மாத்திக் குடுக்கச் சொல்லுங்க, பழைய நம்பர் எதுவும் திரும்ப வரக்கூடாதுன்னும் சொல்லிடுங்க. முதல்ல சாம்பிள் ரெண்டு வாங்கி மெயின் கேட், லிஃப்ட், பி பிளாக், ஜிம், மாடிக் கதவுன்னு ஒண்ணு விடாம வெச்சுப் பாத்துடலாம். ஞாயித்துக்கிழமை காலைல எனக்கு வேலை இல்ல, பத்து மணிக்கு செக்ரட்டரி சார் கீழ வந்தா பழைய டேக்கோட கேட்டுக்கிட்டயே நிக்கறேன், பி பிளாக் நம்பரையும் அன்னைக்கே உக்காந்து மாத்திக் குடுத்துடறேன். அதுவரைக்கும் பெரியவங்க இருக்கற வீட்டுக்கு மட்டுமாவது ஆபீஸ்ல மிச்சம் இருக்கற பழைய டேக்கைக் குடுங்க.