மியூனிக் குழுவில் அரட்டை பற்றி

எல்லாருக்கும் வணக்கம். குழுவில் அரட்டை அதிகமாகிவிட்டது, குறைக்கலாமா என்று சிலர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கறிவேப்பிலை எந்தக் கடையில் வந்திருக்கிறது, இன்றைக்கு என்ன சமையல், ரயில் மறுபடி தாமதமா என்று பேசிக்கொள்ளத்தானே இங்கே இருக்கிறோம். அதிலும் ஞாயிற்றுக்கிழமை கடையெல்லாம் மூடி ஊரே அடங்கிக் கிடக்கும்போது, புதிதாக வந்து தனியாக இருப்பவர்களுக்கு இந்தப் பேச்சுதான் பெரிய ஆறுதல். ஃபார்வர்டு வீடியோக்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அவற்றுக்கு நடுவில் அவசரக் கேள்விகள் காணாமல் போகின்றன.

அப்புறம், புது வீட்டுக்குக் குடிபோனதும் 14 நாளுக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டுமா என்று எத்தனையாவது முறை யார் கேட்டாலும், "மேலே பாருங்க" என்று விட்டுவிடாமல் ஆமாம் என்று ஒரு வரி சொல்லுங்கள். இரவில் குழந்தைக்குக் காய்ச்சல் என்று யாராவது எழுதினால் மருந்துப் பெயர் சொல்லாதீர்கள், ப்ளீஸ். கிளினிக்குகள் மூடியிருக்கும் நேரத்துக்கான மருத்துவ உதவி எண் 116117-க்கு அழைக்கச் சொல்லுங்கள், உயிருக்கு ஆபத்து என்றால் உடனே அவசர எண் 112.

சரி, அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகிறது. இந்தியா நம்மைவிட நாலரை மணி நேரம் முன்னால் இருக்கும், அதனால் ஊரில் அம்மா அப்பாவிடம் பேசுபவர்கள் கொஞ்சம் சீக்கிரமே கூப்பிடுங்கள்.